தோலில் மிச்சமிருப்பது

பிப்ரவரி 9

அன்புள்ள சின்னுவுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்து வேறு யாரோ என்று நினைத்துவிடாதே. விரல்கள் இன்னும் என் பேச்சைக் கேட்பதில்லை. காலமெல்லாம் பஸ் ஸ்டியரிங்கைப் பிடித்த கை, இப்போது ஒரு 'க' போட்டு முடிப்பதற்குள் வேர்த்துப்போகிறது.

போனில் பேசலாமே என்று கேட்பாய். முடியாது. மூச்சு மெஷினில் நெடுநாள் கிடந்ததால் தொண்டையில் துளை போட்டுக் குழாய் செருகியிருக்கிறார்கள். காற்றெல்லாம் அந்த வழியாகவே போய்விடுகிறது, குரலுக்கு மிஞ்சுவதில்லை. வாயைத் திறந்தால் பஞ்சரான டயர் மாதிரி ஒரு சத்தம்தான் வருகிறது. பிறகு மூடிவிடுவார்களாம், குரலும் திரும்பிவிடுமாம். செல்போனில் தட்டிப் பார்த்தேன், ஒரு விரலுக்கு மூன்று எழுத்து விழுகிறது. அதனால்தான் கடிதம்.

ஆபரேஷனுக்கு முன்னால் நீ வந்து பார்த்துவிட்டுப் போனாயே, அதற்குப் பிறகு நடந்ததை உனக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார்கள். குடலில் இருந்த ஓட்டையை அடைத்தாகிவிட்டது. அதில் குறை இல்லை. வாயால் சாப்பிடக் கூடாது என்பதால் கழுத்திலிருந்து பெரிய ரத்தக்குழாய்க்குள் ஒரு டியூப் போட்டு, சாப்பாடு, மருந்து எல்லாவற்றையும் அதிலேயே ஏற்றினார்கள். அந்த டியூப்பைப் பிடித்துக்கொண்டு, டிக்கெட் எடுக்காத ஒருவன் ஏறிவிட்டான். ஈஸ்ட். ரொட்டி மாவைப் பொங்க வைக்குமே, அந்த வம்சத்தில் வந்த ஒரு உதவாக்கரை. ரத்தத்தில் இறங்கி உடம்பெல்லாம் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

இந்த இடத்தில்தான் உன் அண்ணன் ஒரு காரியம் செய்தான். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது. காய்ச்சல் தொடங்கியபோது டாக்டர் பெண் ஒருத்தி வந்தாள். எனக்கு ஒரு மகள் இருந்தால் அந்த வயசுதான் இருக்கும். "ஐயா, இதுக்கு முன்னாடி பூஞ்சைக்கு ஏதாவது மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களா? அரிப்பு, படைன்னு?" என்று கேட்டாள். "சேச்சே, அதெல்லாம் கிடையாதும்மா" என்று சொல்லிவிட்டேன்.

பஸ் டிரைவர் சீட் எப்படி இருக்கும் தெரியுமா உனக்கு? இன்ஜின் சூடு முழுக்கத் தொடைக்கு அடியில்தான். டிப்போவில் எங்களில் பாதிப்பேருக்கு அந்த இடத்தில் அரிப்பு. யாரும் டாக்டரிடம் காட்ட மாட்டோம். மருந்துக் கடையில் குரலைத் தாழ்த்தி "அந்த மாத்திரை" என்றால் போதும், அவனே எடுத்துக் கொடுத்துவிடுவான். அரிப்பு அடங்கினால் நிறுத்திவிடுவது, திரும்பினால் மறுபடியும் போட்டுக்கொள்வது. வருஷக்கணக்கில் அப்படியே ஓட்டினேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து இதை எப்படிச் சொல்வேன்?

அவர்கள் அதே மாத்திரையின் ஊசி மருந்தைத்தான் முதலில் ஏற்றினார்கள். ஈஸ்ட் அதைச் சட்டையே செய்யவில்லை. நாள் வீணாகி, காய்ச்சல் ஏறி, மூச்சுக்கே மெஷின் வைக்க வேண்டியதாகிவிட்டது. அடுத்த மருந்துக்குக் கொஞ்ச நாள் அடங்கியிருந்துவிட்டு மறுபடியும் தலைதூக்கியதாம். கடைசியில் மூன்றாவதாக ஒன்று. அது ஏறும்போதெல்லாம் கட்டிலே ஆடும் அளவுக்கு நடுக்கம் வரும். கிட்னியையும் கொஞ்சம் கடித்துவிட்டுத்தான் வேலை செய்தது. கண் விழித்த பிறகு அந்த டாக்டர் பெண்ணுக்குச் சிலேட்டில் உண்மையை எழுதிக் காட்டினேன். அவள் திட்டவில்லை. "இந்த ரகம் பெரும்பாலும் அந்த மருந்துக்கு அடங்காதுங்கய்யா. நீங்கதான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா முதல்லயே தெரிஞ்சிருந்தா அதுல நேரத்தைப் போக்கியிருக்க மாட்டோம்" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது ரத்தம் சுத்தம். ஆனால் தோலில் இருக்கிறது. அக்குள், தொடை இடுக்கு, எங்கே பஞ்சால் துடைத்து எடுத்துச் சோதித்தாலும் முளைக்கிறதாம். எனக்கு ஒன்றும் செய்யாது, சும்மா உட்கார்ந்திருக்கும். மற்ற நோயாளிகளுக்கு ஒட்டக் கூடாது என்று கண்ணாடிக் கதவு போட்ட தனி ரூமில் வைத்திருக்கிறார்கள். உள்ளே வருகிறவர்கள் மஞ்சள் அங்கியும் கையுறையும் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். எப்போது போகும் என்றால், மாதங்கள் ஆகலாம், வருஷமும் ஆகலாம், போகாமலேயும் இருக்கலாம் என்கிறார்கள்.

வீட்டுக்குப் போகலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அவ்வளவுதான். என் வீட்டில் யார் இருக்கிறார்கள்? அன்றைக்கு நீ ஸ்டிரெச்சரைப் பிடித்துக்கொண்டு, "நேரா நம்ம வீட்டுக்குத்தான் வரணும், வேற எங்கயும் போகக் கூடாது" என்றாய். அதை நம்பித்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளையையும் கேட்டுவிட்டுச் சொல்.

காகிதத்தால் ஒன்றும் வராது என்கிறார்கள். இருந்தாலும் படித்த பிறகு கையைக் கழுவிக்கொள்.

அண்ணன்


பிப்ரவரி 17

அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு அழுதேன், பிறகு கோபம் வந்தது, பிறகு மறுபடியும் அழுதேன். அரிப்புக்கு வெட்கப்பட்டு உயிரை விடப் பார்த்திருக்கிறாயே, உன்னை என்ன செய்தால் தகும்? அண்ணி இருந்திருந்தால் உன்னைக் காதைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பாள். டாக்டர் பெண்ணாக இருந்தால் என்ன, அவர்கள் பார்க்காத தொடையா? உனக்கு எப்போதுமே தப்பான இடத்தில்தான் ரோஷம் வரும்.

நீ பிழைத்து வந்ததே போதும். வீட்டுக்கு வருவதைப் பற்றி எழுதியிருந்தாய். உனக்கு இல்லாத இடமா? ஆனால் பார், மேல் ரூமில் ஒழுகல் ஆரம்பித்துவிட்டது, சுவர் முழுக்க ஊறிப்போயிருக்கிறது. அதைச் சரிசெய்யும்போதே முழு வீட்டுக்கும் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று இருக்கிறோம். பெயிண்ட் வாசனை உன் தொண்டைக்கு ஆகாது. உன் மாப்பிள்ளைக்கும் டயாலிசிஸ் முடிந்து வந்தால் சுருண்டு படுக்கத்தான் தெம்பு இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் அங்கே உட்கார்ந்துவிட்டு மீதி நாளில் பள்ளி அலுவலகத்துக்கும் ஓடுகிறேன். இதில் உன்னையும் வைத்துக்கொண்டு சரியாகக் கவனிக்காமல் விட்டால் எனக்கே பொறுக்காது. நடக்கப் பழக்குகிற நல்ல பயிற்சி விடுதி ஏதாவது இருந்தால் கொஞ்ச நாள் அங்கே இரு, நடை கொஞ்சம் தேறட்டும். பெயிண்ட் வேலை முடிந்ததும் நானே சொல்கிறேன்.

மாப்பிள்ளையிடம் உனக்குக் காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். முழுதாகச் சொல்லவில்லை. பயந்துவிடுவார். உன்னை விசாரித்தார். "அவர் இல்லாம அந்த மெஷின் ஹால்ல போரடிக்குது" என்றார். போன மழைக்காலத்தில் என் மணிக்கட்டு முறிந்திருந்தபோது, நீ வந்து தங்கி அவரைக் கூட்டிக்கொண்டு போனாயே, அங்கிருந்த நர்ஸ்கள் எல்லாரும் இன்னும் டிரைவர் அண்ணன் எங்கே என்று கேட்கிறார்களாம்.

காகிதத்தால் வராது என்று நிச்சயமாகத்தானே சொன்னார்கள்? யார் சொன்னது, டாக்டரா நர்ஸா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

சின்னு


பிப்ரவரி 28

அன்புள்ள சின்னுவுக்கு,

பெயிண்ட் வேலை இருக்கும்போது நான் வந்து குறுக்கே நிற்பானேன். நீ மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. காகிதத்தைப் பற்றிச் சொன்னது டாக்டர். உனக்காக மறுபடியும் எழுதிக் கேட்டேன், அதையேதான் சொன்னார்.

பயிற்சி விடுதி இரண்டில் கேட்டார்கள். முதலாவதில் கட்டில் காலி இல்லையாம். இரண்டாவதில் கட்டில் இருந்தது. என் ரிப்போர்ட்டை அனுப்பியதும் அதுவும் காலி இல்லாமல் போய்விட்டது. என் பழைய கண்டக்டர் வந்தான். ஒரே பஸ்ஸில் எத்தனை வருஷம், ஒரே தண்ணீர் பாட்டிலில் குடித்திருக்கிறோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையை ஆட்டினான். நர்ஸ் அங்கியை நீட்டினாள். வாட்சைப் பார்த்தான், நெற்றியில் தட்டிக்கொண்டான், "நாளைக்கு வரேன்" என்று வாயசைத்துவிட்டுப் போனான். நாளை என்பது எப்போது வரும் என்று தெரியவில்லை. அவன் மேல் கோபம் இல்லை, மகள் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

இங்கே எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் என்னைத் தொட்ட கையை அவர்கள் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் வெளியே போகிறார்கள். கையுறையைச் சொல்கிறேன். டிவி ரிமோட்டைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். முடிவெட்டுகிறவன் வர மாட்டேன் என்றுவிட்டான், அதனால் தலை காடாகக் கிடக்கிறது. துடைக்கிற அம்மா ரூமை முடித்ததும், என் கட்டில் கம்பியை மட்டும் இன்னொரு தடவை துடைக்கிறாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் சிரித்துக்கொண்டே துடைக்கிறாள். நான் இத்தனை வருஷம் அழுக்கு பஸ்ஸை ஓட்டியவன், சின்னு. நானே ஒரு அழுக்காக இருந்தது கிடையாது. இரவில் என்னை நானே தொட்டுக்கொள்ளக்கூட யோசனையாக இருக்கிறது.

ஒரு விஷயம். வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாட்டைக் கவனிக்கிற அம்மா ஒருவர் இருக்கிறார். நெருங்கின சொந்தம் என்று என் ஃபைலில் இருந்த உன் நம்பருக்குப் போன வாரம் போன் செய்தாராம். எடுத்த பெண், "அப்படி யாரையும் தெரியாது, தப்பான நம்பர்" என்று வைத்துவிட்டாளாம். நான் தூங்கிக்கொண்டிருந்தேன், பிறகுதான் சொன்னார்கள். சேர்க்கும்போது வலியில் ஒரு எண்ணை மாற்றிச் சொல்லியிருப்பேன். உன் நம்பரைத் தெளிவாக எழுதி அனுப்பு. அவசரமில்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பு.

அண்ணன்


மார்ச் 7

அண்ணா,

நம்பர் சரிதான். எடுத்தது நான்தான்.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய், பாத்திரம் எல்லாவற்றையும் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

பெயிண்ட் வேலை எதுவும் இல்லை. மேல் ரூம் காய்ந்துதான் கிடக்கிறது. உன் கட்டிலில் போன தடவை நீ விட்டுப்போன போர்வை அப்படியே இருக்கிறது.

அந்தப் போன் வந்தபோது நான் டயாலிசிஸ் ஹாலுக்கு வெளியே பெஞ்சில் இருந்தேன். என் பக்கத்தில் அந்த யூனிட்டின் தலைமை நர்ஸ் நின்றுகொண்டிருந்தார். அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான், ஜன்னல் ஓரத்து நாற்காலிக்காரரை இனிமேல் வர வேண்டாம் என்று வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருந்தார்கள். அவருக்கும் உனக்கு வந்ததேதானாம். அவர் மனைவி அதே பெஞ்சில் உட்கார்ந்து, "அவ்வளவு தூரம் எப்படிம்மா கூட்டிட்டுப் போவேன்?" என்று என்னைக் கேட்டாள், நான் ஏதோ அவளை அனுப்புகிறவள் மாதிரி. மாப்பிள்ளைக்குக் கழுத்தில் குழாய் இருக்கிறது. உனக்கு ஏறியதே, அதே மாதிரிக் குழாய். அது வழியாக அவருக்கும் ஏறினால்? ஏறாவிட்டாலும், இப்படி ஒரு ஆள் எங்கள் வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்து அவருடைய டயாலிசிஸ் நாற்காலி போய்விட்டால்? நாற்காலி போனால் அவர் போய்விடுவார், அண்ணா.

போனில் உன் பெயரைச் சொல்லி, "நீங்க அவரோட தங்கைதானே?" என்று அந்த அம்மா கேட்டார். தலைமை நர்ஸ் திரும்பி என்னைப் பார்த்தார். சும்மா பார்த்திருப்பார். "இல்லைங்க, அப்படி யாரையும் எனக்குத் தெரியாது" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. பால்காரரிடம் நாளைக்கு வேண்டாம் என்று சொல்கிற குரலில் சொன்னேன்.

இன்னொன்றும் இருக்கிறது. உன் கடிதங்களைச் சமையலறைக் கையுறை போட்டுக்கொண்டு படிக்கிறேன். முதல் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வெளியிலிருந்தே படித்தேன். அதைப் படித்துத்தான் அழுதேன் என்று எழுதினேனே, அது பொய்யில்லை. ஆனால் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கிவிட்டு, கையுறையைப் பார்த்ததும் அப்படியே நிறுத்திவிட்டேன்.

எனக்குப் பதில் எழுதத் தோன்றவில்லை என்றால் எழுதாதே.

சின்னு


ஏப்ரல் 3

அண்ணா,

நீ பதில் எழுதவில்லை. எழுதாதே என்று நான்தான் சொன்னேன், இருந்தாலும் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன்.

உன் வார்டுக்குப் போன் செய்தேன். எடுத்த பெண், "நீங்க யாரு?" என்று கேட்டாள். "தங்கச்சி" என்றேன். ஏதோ புரட்டும் சத்தம் கேட்டது. "ஃபைல்ல உறவினர் இல்லைன்னு போட்டிருக்கே. நோயாளியே மாத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கார். சாரிங்க, வெளியாளுங்களுக்கு நாங்க எதுவும் சொல்லக் கூடாது" என்றாள். நான் சொன்னதைத்தான் நீ எழுதிக் கொடுத்திருக்கிறாய். உன் மேல் தப்பே இல்லை. நீ உயிரோடு இருக்கிறாயா என்று மட்டும் சொல்லச் சொல்லிக் கெஞ்சினேன். அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு, "சாப்பிட்டுட்டு இருக்காரு" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவள் நன்றாக இருக்கட்டும்.

நான் போனில் கெஞ்சியதை மாப்பிள்ளை கேட்டுவிட்டார். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். டிவியை அணைத்தார். பிறகு, "என்னைக் காரணம் காட்டி இதைப் பண்ணியிருக்க. என்னை ஒரு வார்த்தை கேட்கணும்னு உனக்குத் தோணலையா?" என்றார்.

அடுத்த தடவை டயாலிசிஸுக்குப் போனபோது, நான் தடுப்பதற்குள் அவரே தலைமை நர்ஸைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "என் மச்சான் உடம்புல இது இருக்கு. அவரை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். நாங்க என்ன பண்ணணும்?" நர்ஸ் கொஞ்சம்கூடப் பதறவில்லை. துண்டு, சோப்பு தனித்தனியாக வைக்க வேண்டும், கையை அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும், குளியலறையை பிளீச்சிங் கரைசல் போட்டுக் கழுவ வேண்டும், கழுத்துக் குழாயை அவர்களைத் தவிர யாரும் தொடக் கூடாது, அவ்வளவுதான் என்றார். "நாற்காலியெல்லாம் எங்கயும் போகாது. அவருக்கும் இருந்தாக்கூட ஓரத்து நாற்காலியில உட்கார வைப்போம்." அப்படியானால் ஜன்னல் ஓரத்துக்காரரை ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டேன். "அவருக்கு இதயத்துல ஆபரேஷன் பண்ணணும்மா. அந்த வசதி அங்கதான் இருக்கு" என்றார். இந்த ஒரு கேள்வியை அன்றைக்கே, அதே பெஞ்சில், எழுந்து நின்று கேட்டிருக்கலாம். பக்கத்தில்தான் நின்றார்.

இனிமேல் எழுதுவதுதான் கஷ்டம்.

விவரம் சொன்னதால் மாப்பிள்ளைக்கும் துடைத்து எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அவர் தோலிலும் இருக்கிறது. நீ ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு உன்னை அவர் பார்க்கவே இல்லை. அப்படியானால் அது ஆஸ்பத்திரியிலிருந்து உன்னால் வந்தது இல்லை. அந்த ஹாலில் வந்திருக்கலாம். போன மழைக்காலத்தில் நீ அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சாய்ந்தால் தோளைக் கொடுத்து, துண்டால் கழுத்தைத் துடைத்துவிட்டாயே, அப்போது அவரிடமிருந்து உனக்கு வந்திருக்கலாம். உன் ஆஸ்பத்திரியிலேயே உனக்கு வந்திருக்கலாம். யாரிடமிருந்து யாருக்கு என்று இனிமேல் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். நான் உன் கடிதத்தைக் கையுறை போட்டுப் படித்துவிட்டு, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அவர் தலையணைக்குப் பக்கத்தில் போய்ப் படுத்திருக்கிறேன்.

இப்போது அவருக்கு ஓரத்து நாற்காலி. திரை போட்டிருக்கிறார்கள். அந்த ஹாலில் எத்தனையோ நாளாகப் பழகிய ஒரு அம்மா, நேற்று நான் உட்கார்ந்ததும் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் எடுத்தாள். மாப்பிள்ளை மட்டும் தமாஷ் பண்ணுகிறார். "இனிமே உங்க அண்ணனும் நானும் ஒரே கட்சி. நீதான் எதிர்க்கட்சி" என்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன்னை வா என்று கூப்பிட வேண்டும். எத்தனையோ தடவை எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். பயம் இருந்தபோது கூப்பிடவில்லை. இப்போது பயப்பட ஒன்றும் மிச்சமில்லை, அதனால் கூப்பிடுகிறேன். அப்படித்தான் உனக்குத் தோன்றும். அப்படியில்லை என்று சொல்ல வாயெடுக்கிறேன், ஆனால் எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. சோதனையில் அவருக்கு இல்லை என்று வந்திருந்தால் உன்னைக் கூப்பிட்டிருப்பேனா? மாப்பிள்ளை கூப்பிட்டிருப்பார். நான் கூப்பிட்டிருப்பேனா?

இந்தக் கேள்வியை உனக்கு அனுப்பக் கூடாது. ஆனால் இன்னொரு பொய் எழுதி உன்னைக் கூப்பிட எனக்குத் தெம்பில்லை. வா, அண்ணா.

சின்னு


ஏப்ரல் 15

சின்னுவுக்கு,

பதில் எழுதாததற்குக் காரணம் காய்ச்சல் இல்லை. உடம்பு நன்றாகத்தான் இருந்தது. எழுதப் பிடிக்கவில்லை.

நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று எழுதினேன் அல்லவா? தூங்கவில்லை. அந்த அம்மா என் கட்டில் பக்கத்திலேயே நின்று, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டுத்தான் உன்னைக் கூப்பிட்டார். உன் 'ஹலோ'வைக் கேட்டதுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் டயாலிசிஸ் மெஷின் ஒன்று கத்திக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? அதற்குப் பிறகு நீ சொன்னதையும் கேட்டேன். "சின்னு, நான்தான்" என்று கத்தினேன். தொண்டைக் குழாயில் காற்றுதான் புஸ்ஸென்று போனது. கட்டில் கம்பியைத் தட்டினேன். எனக்குச் சளி அடைத்துக்கொண்டது என்று நினைத்து அந்த அம்மா போனை வைத்துவிட்டு நர்ஸைக் கூப்பிட ஓடினார். நர்ஸ் வந்து சளியை உறிஞ்சி எடுத்தாள். நன்றாக ஆழமாக உறிஞ்சினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதுதான் காரணம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

பிறகு தப்பான நம்பர் என்று உனக்கு நானே ஒரு வழி செய்துகொடுத்து எழுதினேன். பெருந்தன்மை என்று நினைக்காதே. நீ அந்த வழியில் போகிறாயா இல்லையா என்று பார்க்க நினைத்தேன். தங்கைக்குப் பொறி வைத்தவன் நான். நீ அதில் மாட்டாமல் உண்மையை எழுதினாய். அதைப் படித்ததும் எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. அதே அம்மாவைக் கூப்பிட்டு, உறவினர் இல்லை என்று மாற்றச் சொல்லி சிலேட்டில் எழுதினேன். அவர், "நல்லா யோசிச்சுப் பாருங்க ஐயா" என்றார். அந்த இரண்டு வார்த்தையையும் பெரிய எழுத்தில் மறுபடியும் எழுதிக் காட்டினேன். நீ போன் செய்து கெஞ்சியதை நர்ஸ் வந்து சொன்னபோது, உள்ளுக்குள் ஒரு திருப்தி வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் உன்னை மட்டும் தலைகுனிய வைத்தவன் ஆவேன்.

மாப்பிள்ளையின் சோதனை முடிவைப் படித்தபோது வந்ததும் நல்ல எண்ணம் இல்லை. 'நல்லா வேணும்' என்று ஒரு நொடி நினைத்தேன். அந்த மனுஷன், என் தோளில் சாய்ந்து தூங்குகிறவர். அவரை நினைத்து அப்படி ஒரு எண்ணம் என் மண்டைக்குள் வந்துவிட்டது. உடனே போய்விட்டது, ஆனாலும் வந்தது வந்ததுதானே. தோலில் இருப்பதைத் துடைத்து எடுத்துக் காட்டிவிடுகிறார்கள். இதையெல்லாம் எதில் துடைத்து எடுப்பது?

நீ கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. சோதனையில் அவருக்கு இல்லை என்று வந்திருந்தால் நீ கூப்பிட்டிருப்பாயா? கூப்பிட்டிருக்க மாட்டாய் என்றுதான் நினைக்கிறேன். உன் இடத்தில் நான் இருந்து, டயாலிசிஸில் படுத்திருப்பது உன் அண்ணியாக இருந்திருந்தால், நானும் கூப்பிட்டிருக்க மாட்டேனோ என்னவோ. மனசு ஆறிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆறவில்லை. உன் கடிதத்தை வைத்துவிட்டுக் கண்ணை மூடினால் அந்தக் குரல்தான் கேட்கிறது, பால்காரரிடம் பேசுகிற குரல்.

ஆனாலும் வருகிறேன்.

பாசம் பொங்கி வரவில்லை. போக வேறு இடம் இல்லாமல் வருகிறேன். அந்த விடுதிகள் இன்னும் காலியாகவில்லை. கண்டக்டருக்கு இன்னும் நாளை வரவில்லை. படி ஏற முடியாது, முதுகுக்குக் கை எட்டாது, தனியாக இருந்தால் விழுந்து கிடப்பேன். பயப்பட ஒன்றும் மிச்சமில்லாததால் நீ கூப்பிடுகிறாய். போக்கிடம் இல்லாததால் நான் வருகிறேன். யாரும் யாருக்கும் உபகாரம் செய்யவில்லை. அப்படியே ஆரம்பிப்போம். ஒருவேளை அதுவே நல்லதாக இருக்கும்.

ஃபைலை மறுபடியும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். அந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை. தங்கை என்று அவரே எழுதிக்கொண்டார். தொண்டைத் துளையில் பகலெல்லாம் மூடி போட்டுவிட்டார்கள். கரகரவென்று கொஞ்சம் பேச வருகிறது, ஆனால் வந்த அன்றைக்கே என்னிடம் எதையும் கேட்காதே. டாக்டர் மாப்பிள்ளையின் டயாலிசிஸ் யூனிட்டுக்கும் நேரே எழுதிவிட்டார், யாரிடமும் எதையும் மறைக்க வேண்டியதில்லை. இருவருக்கும் தனித்தனித் துண்டு, தனித்தனிச் சோப்பு. ஒரே கட்சியாக இருந்தாலும் அது அப்படித்தான் என்று மாப்பிள்ளையிடம் சொல்.

வெள்ளிக்கிழமை ஆம்புலன்ஸில் அனுப்புகிறார்கள். மதியத்துக்குள் வந்துவிடுவேன். மேல் ரூம் கட்டிலைக் கீழே இறக்கிப் போடச் சொல்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வாசலில் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடிக்காதே. ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் பிடிப்பாய், அதை நான் பார்த்துவிடுவேன். தயங்காமல் பிடித்தாலும், எனக்கு நிரூபிக்கத்தான் பிடிக்கிறாய் என்று தோன்றும். அதற்கெல்லாம் நாள் இருக்கிறது. அன்றைக்கு என் கையிலிருந்து பையை மட்டும் வாங்கிக்கொள். கொஞ்சம் கனமாக இருக்கும்.

அண்ணன்